முதலில் நிகழ்ச்சி நிரல், பிறகு கொலை: மேடைக்குப் பின்னால் நடக்கும் மர்மக் கதை எழுதுவது எப்படி

ஒரு நீளமான தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் மணி, நிமிடம். நடுவில் மேடையில் நடப்பது. வலது ஓரத்தில் மேடைக்குப் பின்னால் யார் எங்கே இருக்கிறார் என்பது. இந்த மூன்று பத்தியும் நிரம்பும்வரை கொலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்படிச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. நான் சென்னையில் 22 ஆண்டுகள் நாட்டிய நாடகக் குழுக்களுக்கு உடை மாற்றிவிடும் வேலை பார்த்தவள். சைடு விங் இருட்டில், வாயில் டார்ச் லைட்டைக் கடித்துக்கொண்டு, ஒட்டியாணத்தை அவிழ்த்து வேறொன்றைக் கட்டிவிடும் ஆள் நான்தான். துப்பறியும் கதைகளைச் சின்ன வயதிலிருந்தே விழுந்து விழுந்து படிப்பேன். அரங்கத்தில் நடக்கும் கொலைக் கதை என்றால் விடவே மாட்டேன். ஆனால் அவற்றில் பலவற்றில் ஒரு குறை இருக்கிறது. மேடையில் ஆட்டம் ஒரு பக்கம் நடக்கும், கொலை இன்னொரு பக்கம் நடக்கும், இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தக் கொலையை ஒரு ஹோட்டலில் வைத்தாலும் கதை மாறாது. நிகழ்ச்சி அன்று அந்த வரிசையில் நடந்ததால் மட்டுமே சாத்தியமான கொலையாக இருந்தால்தான் அது மேடைக்குப் பின்னால் நடந்த கொலை.

நான் எழுதி முடித்த ஒரு கதையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். முடிவையும் சொல்லிவிடுவேன். சொல்லாமல் இதை விளக்க முடியாது.

எந்த ஊர், எந்த வருடம்

நான் எடுத்துக்கொண்டது 1934, நியூயார்க். அந்த ஊரின் அரங்கத் தெருவான பிராட்வேயின் ரெவ்யூ என்ற கேளிக்கை வகை. தொடர்ச்சியான கதை கிடையாது. பாட்டு, கூட்டு நடனம், நகைச்சுவைத் துண்டு, சைக்கிள் வித்தை, மறுபடி பாட்டு என்று இருபது முப்பது உருப்படிகள் வரிசையாக வரும். தயாரிப்பாளர் ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்டு 1907-இல் ‘ஃபாலீஸ்’ என்ற ரெவ்யூ வரிசையைத் தொடங்கினார். ஏர்ல் கேரல் 1923-இல் ‘வேனிட்டீஸ்’ என்று போட்டிக்கு வந்தார். இறகுக் கிரீடம், ஜிகினா உடை, மேடை முழுக்க ஒரு மாடிப்படி என்று பணம் தண்ணீராக ஓடும். 1929 பங்குச்சந்தைச் சரிவு சீக்ஃபெல்டையே சாய்த்துவிட்டது. 1932-இல் இறந்தபோது அவர் கடனாளி. இதை அடுத்து வரும் காலம் மர்மக் கதைக்கு நன்றாகப் பொருந்தும். மேடையில் தங்க முலாம் மின்னும், ஆபீஸ் அறையில் கடன்காரர் உட்கார்ந்திருப்பார். 1933-இல் ஏர்ல் கேரலே, ரெவ்யூ நடந்துகொண்டிருக்கும்போதே கொலை விழும் ஒரு நாடகத்தை பிராட்வேயில் போட்டார். அடுத்த வருடமே ஹாலிவுட் அதைப் படமாக்கியது. அந்தக் காலத்து ஆட்களே இந்த இணைப்பின் ருசியை அறிந்துதான் இருந்தார்கள்.

ஏன் நம் ஊர் சபாவில் வைக்கவில்லை என்று தோழி ஒருத்தி கேட்டாள். சபா மேடை எங்களுக்கு ஒரு சாயங்காலத்து வாடகை. நான்கு மணிக்கு டிரங்குப் பெட்டியோடு நுழைவோம், பத்து மணிக்கு வேனில் ஏறிவிடுவோம். அவரவருக்கென்று அறை இல்லை, அறைக்குள் சேர்ந்த பகையும் இல்லை. ரெவ்யூவில் ஒரே கட்டிடத்தில், ஒரே அறைகளில், மாதக்கணக்கில் அதே நூறு பேர் இருப்பார்கள். கொலைக்கு அவ்வளவு பழக்கம் வேண்டும்.

தாளை நிரப்புவது

என் கதையின் தாளிலிருந்து ஒரு துண்டு. திரை தூக்குவது 8.40. ஒன்பதாவது உருப்படி நட்சத்திரப் பாடகியின் தனிப்பாட்டு, அது முடிவது 9.31. பத்தாவது சைக்கிள் வித்தை, 9.37 வரை. பதினொன்றாவது முன்படுதாவுக்கு முன்னால் இரண்டு கோமாளிகள், 9.41 வரை. பன்னிரண்டாவது மாடிப்படி ஆட்டம். பதினாறு பெண்கள் படிகளில் நிற்க, மூன்றாவது நிமிடத்தில், அதாவது 9.44-க்கு, படியின் உச்சியில் பாடகி தோன்ற வேண்டும். இடைவேளை 10 மணிக்கு.

கோமாளிகள் ஏன் அங்கே வருகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ரெவ்யூவின் இயந்திரமே அதுதான். பெரிய காட்சி ஜோடனையை மாற்ற நேரம் வேண்டும். அதற்காக மேடையின் முன் ஓரத்தில் ஒரு படுதாவை இறக்கி, அதன் முன்னால் இரண்டு பேரை நிறுத்திச் சிரிக்க வைப்பார்கள். படுதாவுக்குப் பின்னால் இருபது ஆட்கள், பாதி இருட்டில், டன் கணக்கில் கனக்கும் மாடிப்படியைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வருவார்கள். கயிறு உரசும், மரம் முனகும், யாரோ பல்லைக் கடித்துத் திட்டுவார். அவ்வளவு சத்தத்தையும் வெளியில் வரும் சிரிப்பு மூடிவிடும். அந்த நான்கு நிமிடம் ஒவ்வொரு மேடை ஆளுக்கும் கையில் வேலை இருக்கும், கண் தன் காலடியில் இருக்கும். கொலை விழ வேண்டிய இடம் எது என்று தாளே உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். என் கதையில் அது 9.37.

அப்புறம் வலது பத்தி. நடனப் பெண் ஒருத்தியும் தனியாக இருக்கவே மாட்டாள். எட்டுப் பேருக்கு ஓர் அறை, ஒரு கண்ணாடி வரிசை. ஸ்பாட் லைட் பிடிப்பவர் நகரவே முடியாது. அந்தக் காலத்து ஆர்க் விளக்கில் கரிக்குச்சி எரிந்து தேயத் தேய அவர் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், விட்டுப்போனால் வெளிச்சம் துடிக்கும். வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அத்தனை பேர் கண்ணிலும் இருப்பார்கள். இப்படி ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தால், தனியாக நடமாடக்கூடியவர்கள் ஐந்தாறு பேர்தான் மிஞ்சுவார்கள். மேலே கயிறு இழுக்கும் ஆள், பின்வாசல் காவலாளி, ஸ்டேஜ் மேனேஜரின் எடுபிடிப் பையன், தயாரிப்பாளர், தனி அறை உள்ள நட்சத்திரங்கள். சந்தேகப் பட்டியலை நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

உடை மாற்றும் நேரம்

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு டிசம்பர் மாதம், ராமாயண நாட்டிய நாடகம். சூர்ப்பனகை அழகியாக வந்து அரக்கியாக மாற வேண்டும். மேடையில் மிருதங்கமும் நட்டுவாங்கமும் ஐம்பது விநாடிக்கு ஒரு ஜதிக் கோர்வை. அந்த ஐம்பது விநாடிதான் எனக்கு. அந்தப் பெண் ஓடி வந்து முதுகைக் காட்டி நிற்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் இடுப்பு விசிறி மடிப்புத் துணியின் கொக்கியை இடமிருந்து வலமாக எடுப்பேன். என் உதவிக்காரி எதிரில் நின்று தலைசாமானை அவிழ்ப்பாள். சேஃப்டி பின் என் தாலிச் சங்கிலியில் பன்னிரண்டு தொங்கும், பார்க்காமலே கை போய் எடுக்கும். அன்றைக்கு ஒரு கொக்கி வளையத்தில் விழவில்லை. நான் அடுத்த வளையத்தில் மாட்டிவிட்டேன், வரிசை முழுக்க ஒன்று தள்ளிப்போய்விட்டது. இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. இறங்கி வந்ததும் அவள் அம்மா பத்தடி தூரத்திலிருந்தே, “யார் போட்டுவிட்டது? முதுகு கோணலா இருக்கே” என்றார்.

அந்த அம்மாவின் கண்தான் என் கதைக்கு விதை.

உடை மாற்றத்தைக் கதையில் எழுதும்போது இரண்டு நேரத்தையும் குறித்து வையுங்கள்: ஆள் வைத்து மாற்றினால் எவ்வளவு, தனியாக மாற்றினால் எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பொய் ஒளிந்துகொள்ளும். என் பாடகியின் உடை தோள்பட்டை இல்லாத இறுக்கமான ஜிகினா மேலுடுப்பு, முதுகில் பதினெட்டுக் கொக்கி. 1934-இல் ஜிப் மேடை உடைக்குப் பரவலாக வந்திருக்கவில்லை, கொக்கிதான். ஆள் இருந்தால் மூன்று நிமிடம், தனியாக ஐந்து நிமிடம்.

கொலையுண்டது அவளுக்கு உடை மாற்றிவிடும் பெண். பெரும்பாலும் இத்தகைய கதைகளில் சாவது நட்சத்திரமாக இருப்பார், உடை மாற்றிவிடும் பெண் வாசலில் நின்று அலறுவாள். எனக்கு அது போதவில்லை. எல்லாக் கடிதத்தையும் எடுத்து வைப்பவள் அவள். எந்தத் தோளில் காயம், எந்த மாதம் இடுப்பு ஒரு அங்குலம் கூடியது என்று அறிந்தவள் அவள். அவளுக்குத் தெரிந்த அளவு ரகசியம் தயாரிப்பாளருக்குக் கூடத் தெரியாது.

இனி கணக்கு. 9.31-க்குப் பாட்டு முடிகிறது. ஒரு நிமிடத்தில் அறை. ஐந்து நிமிடம் சண்டை. 9.37-க்கு மாடிப்படி உருளத் தொடங்குகிறது, கனமான இஸ்திரிப் பெட்டி மேசையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தனியாக உடை மாற்றிக்கொண்டு 9.42-க்குக் கிளம்பினால் 9.43-க்குப் படி உச்சிக்குப் பின்னால் நிற்கலாம். இடைவேளையில் உடைச் சட்டத்துக்குப் பின்னால் பிணம் கிடைக்கிறது. பாடகி அமைதியாகச் சொல்கிறாள்: “முதுகில் பதினெட்டுக் கொக்கி. நானே மாட்டிக்கொள்ள முடியுமா? அவள்தான் மாட்டிவிட்டாள். நான் கிளம்பும்போது உயிரோடு இருந்தாள்.” அதற்குப் பிறகு இடைவேளை வரை அவள் அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் நிற்கிறாள். அந்த உடையே அவளுக்குச் சாட்சி.

ஆண் துப்பறிவாளர் இதை நம்பிவிடுவார். பெண் வாசகிகளில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். முன்பக்கமாகப் போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டு, உடம்பைச் சுற்றிப் பின்னால் திருப்பிக்கொள்வது நாம் தினம் காலையில் செய்வதுதானே. ஆனால் இறுக்கமான மேலுடுப்பைத் திருப்பினால் இரண்டு காரியம் நடக்கும். முதுகுத் தையல் முதுகெலும்பில் நேராக உட்காராது, ஒரு விரல் தள்ளி நிற்கும். உடம்பில் பூசியிருக்கும் மேக்கப் பக்கவாட்டில் இழுபட்டு, ஒரு பட்டை போலத் தெரியும்.

சத்தம்

நடனக்காரர்கள் சத்தமில்லாமல் நடக்க முடியாதவர்கள். சலங்கை கட்டிய பெண் படியேறினால் பக்கத்து அறையில் இருந்தே நான் ஆளைச் சொல்லிவிடுவேன், அவரவர் நடைக்கு ஒரு தாளம் உண்டு. ரெவ்யூவில் டேப் ஷூ, அடியில் உலோகத் தகடு. இரும்புப் படிக்கட்டில் அதன் ஒலி மூன்று மாடிக்குக் கேட்கும். யாரோ போனார்கள் ஆனால் சத்தம் கேட்கவில்லை என்று ஒரு சாட்சி சொன்னால், ஷூவைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழற்றி மாட்ட எத்தனை நிமிடம் என்று தாளைப் பாருங்கள்.

ஆயுதம்

மேலே படுதாக் கயிறுகளுக்கு எடையாகத் தொங்கும் மணல் மூட்டையைத் தள்ளிவிட்டுக் கொல்வதை விட்டுவிடுங்கள். இருட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒருவர் தலையில் முப்பது அடி உயரத்திலிருந்து குறி வைக்கவே முடியாது.

மேடைத் துப்பாக்கி வேண்டுமென்றால், அது எப்படி வேலை செய்கிறது என்பதை முழுக்கத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். நடந்த ஒரு சம்பவமே நல்ல பாடம். சங் லிங் சூ என்று சீனராக வேடமிட்டு வாழ்ந்த அமெரிக்க மந்திரவாதி வில்லியம் ராபின்சன், பாயும் குண்டைப் பிடிப்பதாக வித்தை காட்டுவார். உண்மையான குண்டும் மருந்தும் துப்பாக்கிக் குழலுக்குள் போகும். ஆனால் விசையை அழுத்தினால் நெருப்பு அந்தக் குழலுக்குப் போகாமல், கீழே, மருந்தை இடித்து அடைக்கும் கோலை வைக்கும் குழாயில் உள்ள வெற்று மருந்துக்குத் திருப்பப்பட்டிருக்கும். பல வருடப் பயன்பாட்டில் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கசிவு உண்டாகிவிட்டது. 1918 மார்ச் 23, லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கம். நெருப்பு மேல் குழலுக்குப் போனது. மேடையில் ஆங்கிலமே பேசாத மனிதர் ஆங்கிலத்தில் திரையை இறக்கச் சொன்னார். மறுநாள் இறந்துபோனார். விசாரணையில் விபத்து என்று முடிவானது. அந்தக் கசிவு தேய்மானமா, யாராவது அரத்தால் தேய்த்ததா என்ற ஒரு கேள்வியை மட்டும் கற்பனையில் சேர்த்துப் பாருங்கள், உங்கள் கதை ஓடத் தொடங்கிவிடும்.

ஏன் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை

வாசகர் இதைக் கட்டாயம் கேட்பார். பிணம் கிடக்கும்போது ஆட்டம் தொடர்வதற்குக் காரணம் சொல்லாவிட்டால் எல்லாரும் கல்நெஞ்சர்களாகத் தெரிவார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் பீதி. 1903 டிசம்பர் 30, சிகாகோ இரோகுவா அரங்கில் ஒரு ஆடம்பர இசை நாடகத்தின் பகல் காட்சி. ஆர்க் விளக்கின் பொறி படுதாவில் பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. 602 பேர் இறந்தார்கள், எத்தனையோ பேர் திறக்க முடியாத கதவுகளுக்கு முன்னால் நசுங்கி. அந்த நாளுக்குப் பிறகு அரங்கத்தில் வேலை பார்த்த எவரும் கூட்டத்தின் நடுவில் ஒரு கூச்சலை எழுப்பத் துணியமாட்டார்கள். என் கதையில் வயதான ஸ்டேஜ் மேனேஜர் இளைஞனாக சிகாகோவில் இருந்தவர். போலீஸ்காரரிடம் அவர் ஒரே வரி சொல்கிறார், அது போதும்.

பூட்டிய இடத்துக்குள் கொலையாளி எப்படி வந்து போனார் என்ற வகைப் புதிருக்கும் அதே தீ விபத்து உதவும். அதன் பிறகு அரங்கக் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவையாக, உள்ளிருந்து தள்ளினால் போதும் என்ற வகையில் மாறின. வெளியே போகலாம், திரும்ப வர முடியாது. அந்தக் கதவு வழியாக ஒருவர் போய்விட்டு மேடைக்குத் திரும்பினார் என்றால், யாரோ உள்ளிருந்து திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பகை

மேடைப் பகையை வெளியிலிருந்து இறக்குமதி செய்யாதீர்கள். வைரக் கடத்தல், சொத்துத் தகராறு எதுவும் வேண்டாம். யார் பெயர் எந்த அளவு எழுத்தில், யார் பாட்டு யாருக்குப் போனது, யாருக்கு வேலையே இல்லை, இவை போதும். லண்டன் அடெல்ஃபி அரங்கின் நாயகன் வில்லியம் டெரிஸ் 1897 டிசம்பர் 16 அன்று அரங்கின் கதவைத் திறக்கும்போது கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் ரிச்சர்டு ஆர்ச்சர் பிரின்ஸ், வேலையில்லாத துணை நடிகர். டெரிஸ் அவருக்குச் சின்ன வேடங்களும் பண உதவியும் வாங்கித் தந்தவர். உதவி செய்தவர் மீதே வளர்ந்த அந்த வெறுப்பை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். என் பாடகிக்கும் உடை மாற்றிவிடும் பெண்ணுக்கும் நடுவில் அதைத்தான் வைத்தேன். ஒரு காலத்தில் பாடகியைவிட நன்றாகப் பாடியவள் அந்தப் பெண். பாடகிக்கு முதல் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

தடயத்தை எங்கே வைப்பது

வாசகரை ஏமாற்றாதீர்கள். கடைசியில் வெளிவரும் ஒவ்வொன்றும் முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். ரெவ்யூவில் ஒளிக்க நல்ல இடம் சிரிப்புதான். என் கதையின் மூன்றாவது உருப்படியில் தாமதமாக வந்த ஒரு நடனப் பெண்ணை, உடைகளுக்குப் பொறுப்பான அம்மா திட்டுகிறார்: “முன்னால மாட்டித் திருப்பினியா? பாரு, மேக்கப் எல்லாம் இழுத்துவிட்டது.” மற்ற பெண்கள் சிரிக்கிறார்கள். வாசகரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆள்மாறாட்டம் வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வைக்கலாம், ஆனால் மேடையில் அதற்குத் தேவை இருக்க வேண்டும். 1911 மே 9 அன்று எடின்பரோவில் நடந்த அரங்கத் தீயில் ‘கிரேட் லஃபாயெட்’ என்ற மந்திரவாதி இறந்தார். அவருடையது என்று எடுத்த உடல், வித்தைக்காக அவரைப் போலவே உடையணிந்த இரட்டை ஆளுடையது. விரல் மோதிரங்களோடு அவருடைய உண்மையான உடல் பிறகுதான் கிடைத்தது. இரட்டை ஆள் அந்த வித்தைக்கு அவசியம், அதனால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒருவரை உட்கார வைத்து, ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்து, நீங்கள் நடந்து காட்டுங்கள். நான் என் வீட்டு ஹாலிலிருந்து மாடி அறைக்கு ஏறி, பழைய ரவிக்கை ஒன்றில் பதினெட்டுக் கொக்கி தைத்து, முன்னால் மாட்டித் திருப்பிப் பார்த்தேன். முதல் முறை ஏழு நிமிடம். நான்காவது முறை ஐந்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் தாளில் ஐந்து என்று எழுதினேன். பாடகி இதை முன்பு பலமுறை செய்து பழகியவள் என்பதற்கும் கதையில் ஒரு வரி சேர்த்தேன்.

கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் நீளமாகப் பேசுவதை எடுத்துவிட்டேன். ஆட்டம் முடிந்து அத்தனை பேரும் மேடையில் நிற்கிறார்கள். உடைக்காரி அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பாடகியின் பின்னால் நின்று, முதுகுத் தையலின்மேல் ஒரு விரலை வைக்கிறார். பிறகு அந்த விரலை முதுகெலும்புவரை நகர்த்துகிறார்.